ஜாப் ஆறட்டும்: 32 டிகிரியில் மைக்ரான் அளப்பது

லேத்தில் 80 மி.மீ. ஸ்டீல் ஷாஃப்ட் ஒன்று கடைசி கட் முடிந்து நிற்கிறது. டிராயிங்கில் போட்டிருப்பது 80 எச்6. அதாவது மேல் எல்லை 80.000, கீழ் எல்லை 79.981. ஆப்பரேட்டர் சக்கில் இருக்கும்போதே மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கிறார்: 79.995. நல்ல அளவு. கழற்றி டிரேயில் வைக்கிறார். மறுநாள் காலை இன்ஸ்பெக்‌ஷனில் அதே ஷாஃப்ட் 79.978 காட்டுகிறது. கீழ் எல்லைக்கு மூன்று மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் மூன்று பங்கு) குறைவு, ரிஜெக்ட். இனி மைக்ரோமீட்டர் மேல் சந்தேகம், இன்ஸ்பெக்டர் மேல் கோபம். ஸ்லிப் கேஜ் (துல்லியமாக அளவு தெரிந்த கட்டைகள்) பெட்டியைத் திறந்து இருவர் மைக்ரோமீட்டரையும் சரிபார்த்தால் இரண்டும் சரியாகவே இருக்கும்.

கழற்றும்போது ஷாஃப்ட் 50 டிகிரியில் இருந்தது. மைக்ரோமீட்டர் ஷெட்டின் 32 டிகிரியில் இருந்தது. ஸ்டீல் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, சுமார் 11.5 மைக்ரான் நீளும். 80 மி.மீ.க்கு 18 டிகிரி என்றால் 0.08 × 11.5 × 18 = 16.6 மைக்ரான். எச்6 கொடுத்த மொத்த இடமே 19 மைக்ரான்தான். அதில் பெரும்பகுதியைச் சூடு தின்றுவிட்டது.

இந்தக் கணக்கில், அளவுகளுக்கான பொதுச் சூடாக எல்லோரும் சொல்லும் 20 டிகிரி என்ற எண் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். "நம்ம ஷெட்டுல ஏசி இல்லை, அதனால மைக்ரான் வேலை சரியா வராது" என்று பலர் சொல்வதில் பாதிதான் உண்மை. ஷாஃப்டும் மைக்ரோமீட்டரும் இரண்டுமே 32 டிகிரியில் இருந்தால், இரண்டும் ஸ்டீல் என்றால், இரண்டும் ஒரே விகிதத்தில் நீண்டிருக்கும். மைக்ரோமீட்டர் காட்டுவது 20 டிகிரியில் காட்டும் அதே எண்தான். ஷெட் சூடாக இருப்பதைவிட, அளக்கும் பொருளும் அளக்கும் கருவியும் வேறு வேறு சூட்டில் இருப்பதே அதிகம் கெடுக்கிறது. அடுத்தது, இரண்டும் வேறு வேறு உலோகமாக இருப்பது. கீழே வருவதெல்லாம் இந்த இரண்டைப் பற்றித்தான்.

அந்த 20 எங்கிருந்து வந்தது

டிராயிங்கில் தனியாக எதுவும் சொல்லாவிட்டால் அதிலுள்ள அளவு 20 டிகிரி செல்சியஸில் பொருள் இருக்கும்போது உள்ள அளவு. இது முன்பு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. பிளாட்டினம்-இரிடியம் மீட்டர் கட்டையின் நீளம் 0 டிகிரியில் வரையறுக்கப்பட்டது. பிரிட்டிஷ் கெஜத்துக்கு 62 டிகிரி பாரன்ஹீட், அதாவது 16.7 செல்சியஸ். ஸ்லிப் கேஜை உருவாக்கிய ஸ்வீடன்காரர் கார்ல் எட்வர்ட் யோஹான்சன் தன் கட்டைகளை 20 டிகிரிக்குச் செய்து கொடுத்தார். அவை உலகெங்கும் டூல் ரூம்களுக்குப் போயின. 1931இல் அளவைகளுக்கான சர்வதேசக் குழு 20ஐ ஏற்றது. 1951இல் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. வெளியிட்ட முதல் பரிந்துரையே இதைப் பற்றியதுதான். இன்றும் அதன் எண் ஐ.எஸ்.ஓ. 1.

ஐரோப்பியத் தொழிற்கூடத்துக்கு 20 வசதியான சூடு. கோவையிலோ அம்பத்தூரிலோ ஏப்ரல் மதியம் அப்படி இல்லை. ஆனாலும் மேலே சொன்னபடி, ஸ்டீல் ஜாபை (செய்யும் பொருளை) ஸ்டீல் கருவியால் அளக்கும்வரை இந்தத் தூரம் நம்மைப் பெரிதாகக் கடிக்காது.

கடிக்கும் இடம்: அலுமினியம், எஸ்.எஸ்., கார்பைடு

மீட்டருக்கு, டிகிரிக்கு, எத்தனை மைக்ரான் என்பதுதான் நீள் விரிவுக் குணகம். கைக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டிய எண்கள் இவை, எல்லாம் தோராயமாக:

அலுமினியம் – 23
பித்தளை – 19
செம்பு – 17
எஸ்.எஸ். 304 – 17
சாதாரண ஸ்டீல், கேஜ் ஸ்டீல் – 11.5
வார்ப்பிரும்பு – 10.5
எஸ்.எஸ். 410 – 10
சிர்கோனியா செராமிக் – 9.5 முதல் 10
டைட்டானியம் – 8.6
கிரானைட் – 6 முதல் 8
டங்ஸ்டன் கார்பைடு – 4.5 முதல் 5
இன்வார் – 1.2

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று மட்டும் எழுதி வைப்பது ஆபத்து. 304க்கும் 410க்கும் நடுவே ஏழு மைக்ரான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள்: 410 நன்றாக ஒட்டும், 304 ஒட்டாது (அதிகம் அடித்து வளைத்த இடத்தில் லேசாக இழுக்கலாம்).

கார்பைடு ஸ்லிப் கேஜ் தேயாது என்று விலை கொடுத்து வாங்குவார்கள். ஏசி அறைக்குள் இருக்கும்வரை நல்ல சாமான். அதை 32 டிகிரி ஷெட்டுக்குக் கொண்டுவந்து 100 மி.மீ. ஸ்டீல் ஜாபுக்கு டயலை ஜீரோ செட் செய்தால், எல்லாம் நன்றாக ஆறியிருந்தாலும் 0.1 × 7 × 12 = 8.4 மைக்ரான் பிசகும். பழைய ஸ்டீல் ஸ்லிப் கேஜ் அங்கே இதைவிட நல்லது. செராமிக் ஸ்டீலுக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரிய வம்பு இல்லை.

இன்வார் பற்றி ஒரு வார்த்தை. 36 சதவீதம் நிக்கல் கலந்த இந்த இரும்பை 1896இல் சார்ல் எதுவார் கியோம் கண்டுபிடித்தார். 1920இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. விரியாத உலோகத்தில் கேஜ் செய்தால் தொல்லை தீர்ந்தது என்று தோன்றும். தீராது. ஜாப் ஸ்டீலாக இருக்கும்போது கேஜ் மட்டும் விரியாமல் நின்றால் வித்தியாசம் கூடத்தான் செய்யும். போதாததற்கு இன்வார் காலப்போக்கில் தானாகவே சில மைக்ரான் நகரும்.

திருத்தக் கணக்கு

அலுமினிய ஜாபை ஷெட்டிலேயே அளந்தாக வேண்டும் என்றால் இரண்டு சூடு தெரிய வேண்டும்: ஜாபின் சூடு, கருவியின் சூடு. அறையின் சூடு இரண்டுக்கும் மாற்றாகாது. சுவரில் தொங்கும் கடிகாரத்தோடு வரும் தெர்மாமீட்டர் இதற்குச் செல்லாது.

இன்ஃப்ரா ரெட் துப்பாக்கியையும் நம்ப வேண்டாம். மெஷின் செய்த பளபளப்பான உலோகம் தன் சூட்டைச் சரியாகக் கதிர்வீசாது, எதிரே இருப்பதைப் பிரதிபலிக்கும். அலுமினியத்தின்மேல் பிடித்தால் பெரும்பாலும் கூரையின் சூட்டைத்தான் காட்டும். தொட்டு அளக்கும் பி.டி.100 (பிளாட்டினம் சென்சார்) ப்ரோப் அல்லது நல்ல தெர்மோகப்பிள் வேண்டும். காந்தத்தோடு வரும் ப்ரோப் ஸ்டீலில் ஒட்டும்; அலுமினியத்துக்கு ஒரு கிளிப் போதும். தொடும் இடத்தில் துளி கிரீஸ் வைத்து, எண் நகராமல் நிற்கும்வரை காத்திருங்கள்.

பிறகு கணக்கு: கருவியின் குணகத்தை, கருவி 20க்கு மேல் எத்தனை டிகிரியில் இருக்கிறதோ அதனால் பெருக்குங்கள். ஜாபுக்கும் அதையே செய்யுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, வருவதை மீட்டரில் உள்ள நீளத்தால் பெருக்கினால் எத்தனை மைக்ரான் கூட்ட வேண்டும் என்பது வரும். கழித்தல் குறியோடு வந்தால் குறைக்க வேண்டும்.

ஒரு அலுமினிய வளையத்தின் வெளிவிட்டம் 100.025 என்று மைக்ரோமீட்டர் காட்டுகிறது. மைக்ரோமீட்டர் 32 டிகிரி, ஜாப் 35. கருவிக்கு 11.5 × 12 = 138. ஜாபுக்கு 23 × 15 = 345. கழித்தால் –207. 0.1 மீட்டரால் பெருக்கினால் –20.7 மைக்ரான். ஆக 20 டிகிரியில் அந்த வளையம் 100.004 மட்டுமே. மேல் எல்லை 100.015 என்றிருந்தால், ரிஜெக்ட் பெட்டிக்குப் போயிருக்க வேண்டிய ஜாப் உண்மையில் நல்ல ஜாப்.

இந்தக் கணக்கு சரியாக வர, மைக்ரோமீட்டரை அதே சூட்டில் இருக்கும் ஸ்டீல் செட்டிங் ராடால் ஜீரோ செட் செய்திருக்க வேண்டும். காலையில் 26 டிகிரியில் செட் செய்துவிட்டு மதியம் 34இல் அப்படியே எடுத்து அளப்பது, குறிப்பாக 100 மி.மீ.க்கு மேற்பட்ட சைஸ்களில், பிசகைத் தேடிப் போவது.

இன்னொரு எல்லையும் உண்டு. குணகங்கள் புத்தக எண்கள். உங்கள் கையிலுள்ள ஸ்டீல் 11.5ஆ 12.3ஆ என்று யாரும் அளந்து தரவில்லை. குணகத்தில் ஒன்று தவறாக எடுத்துக்கொண்டால், 14 டிகிரி தள்ளி 100 மி.மீ.யில் 1.4 மைக்ரான் தவறும். பத்து மைக்ரான் டாலரன்ஸ் ஜாபுக்கு இது பரவாயில்லை, இரண்டு மைக்ரான் ஜாபுக்கு ஆகாது. ஏசி அறை உண்மையிலேயே தேவைப்படுவது இங்கேதான்.

கணக்கே வேண்டாம் என்றால் நாம் அதிகம் பரிந்துரைக்கும் வழி: ஒரே ஜாப் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது என்றால், அதே அலுமினியத்தில் ஒரு மாஸ்டர் செய்து, ஸ்டாண்டர்டு ரூமில் (எப்போதும் 20 டிகிரியில் வைக்கும் அளவை அறையில்) அதன் 20 டிகிரி அளவை எழுதி வாங்கி, ஜாபின் பக்கத்திலேயே வையுங்கள். டயலை அதில் செட் செய்து, ஜாபைப் போட்டு, வித்தியாசத்தை மட்டும் படியுங்கள். இரண்டும் சேர்ந்தே சூடாகும், சேர்ந்தே ஆறும். அலுமினியம் மெத்தென்று இருப்பதால் தொடும் முனைகளில் தேயும். மாதம் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

சி.எம்.எம்.மில் (ப்ரோபால் தொட்டு அளக்கும் கம்ப்யூட்டர் மெஷினில்) ஜாபின் குணகத்தை டைப் செய்யும் கட்டம் ஒன்று இருக்கும். அது ஸ்டீலுக்கு 11.5 என்றே கிடக்க, மேலே அலுமினியம் ஏறி உட்கார்ந்திருப்பது வழக்கமான தவறு. இன்னொன்று, மெஷின் தானாகத் திருத்திய எண்ணை வாங்கி, மேலும் ஒருமுறை கையால் திருத்துவது.

எத்தனை நேரம் ஆறவிடுவது

"அரை மணி வை" என்பது எல்லா ஜாபுக்கும் சொல்லப்படுகிற பதில். ஜாபின் தடிமனைப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. 50 மி.மீ. விட்டம், 100 மி.மீ. நீளமுள்ள ஸ்டீல் உருளையை அசையாத காற்றில் வைத்தால், சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மிச்சமுள்ள சூட்டு வித்தியாசம் 37 சதவீதமாகக் குறையும். 18 டிகிரியில் ஆரம்பித்தால் ஒரு மணி கழித்து 6.6, இரண்டு மணி கழித்து 2.4, மூன்று மணி கழித்து 0.9. மூன்று மணி நேரம்! எல்லாப் பக்கமும் இரட்டிப்பான ஜாபுக்கு நேரமும் இரட்டிப்பு. அலுமினியம் இதில் மூன்றில் இரண்டு பங்கு நேரத்தில் ஆறும், ஆனால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் இரண்டு மடங்கு தண்டம் கட்ட வேண்டும்.

சீக்கிரம் ஆற்ற வேண்டுமா? தடித்த வார்ப்பிரும்புப் பிளேட் அல்லது அலுமினியப் பிளேட்டின்மேல், துடைத்த தட்டையான முகம் படும்படி வையுங்கள். கிரானைட் சூட்டை மெல்லத்தான் இழுக்கும். அதன்மேல் வைத்துக் காத்திருப்பது பலகைமேல் வைப்பதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஃபேன் காற்று நேரத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவரும். கருவியும் மாஸ்டரும் அதே பிளேட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கூலன்ட் ஊற்றிக் கழுவியதும் ஜாப் ஆறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஈரம் உலரும்போது ஜாபை அறையைவிடச் சில டிகிரி கீழே இழுத்துவிடும், வெயில் காய்ந்த நாளில் இன்னும் அதிகமாக. பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கதை. தின்னர், ஐ.பி.ஏ. (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்த ஸ்லிப் கேஜும் அப்படித்தான். இப்படிக் குளிர்ந்த ஜாப் சின்னதாகக் காட்டும். நல்ல ஜாபுக்கு மெஷினில் ஆஃப்செட்டை (டூல் நிற்கும் இடத்துக்கான திருத்த எண்ணை) தட்டி, அடுத்ததைப் பெரிதாக்கிவிடுவார்கள்.

கை இன்னொரு அடுப்பு. 100 மி.மீ. ஸ்லிப் கேஜை விரலால் பிடித்துப் பேசிக்கொண்டே நின்று மூன்று டிகிரி ஏற்றினால் 3.5 மைக்ரான் போச்சு. மைக்ரோமீட்டரின் பிடியில் பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருப்பது அழகுக்கு இல்லை. அதைத் தாண்டி இரும்பைப் பிடிக்காதீர்கள். 150 மி.மீ.க்கு மேலே ஸ்டாண்டில் பூட்டி அளப்பது நல்லது. ஸ்லிப் கேஜ்களை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தித் தேய்த்து ஒட்டியபின் (ரிங்கிங்) பிளேட்டில் அரை மணியாவது விட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஏசி அறையின் பொய்கள்

காலை ஒன்பதுக்கு ஏசி போட்டு, பத்துக்கு அளக்க ஆரம்பித்து, மாலை ஆறுக்கு அணைக்கும் அறை பெரும்பாலும் ஷெட்டைவிட மோசம். காற்று 20க்கு வந்துவிடும். சர்ஃபேஸ் பிளேட் 27இல் இருக்கும். ஜாப் 30இல் இருக்கும். மைக்ரோமீட்டர் நடுவில் எங்கோ. ஒரே சூட்டில் நிற்கும் 30 டிகிரி அறை இதற்கு மேல். அணைக்காமல் இரவும் ஓட வேண்டும், இல்லையென்றால் அதை ஸ்டாண்டர்டு ரூம் என்று சொல்லக் கூடாது.

பிளேட்டுக்கு இன்னொரு நோய் உண்டு. ஒரு மீட்டர் நீளம், 150 மி.மீ. தடிமனுள்ள வார்ப்பிரும்புப் பிளேட்டின் மேல்முகம் கீழ்முகத்தைவிட ஒரே ஒரு டிகிரி சூடாக இருந்தால், நடு கிட்டத்தட்ட 9 மைக்ரான் மேலே வளையும். கிரானைட்டில் 5 அல்லது 6. ஏசி காற்று நேராக விழும் இடத்திலும், மதிய வெயில் ஜன்னல் வழியே படும் இடத்திலும் பிளேட் போட்டால் காலையில் குழிவாகவும் மாலையில் மேடாகவும் இருக்கும். கேலிப்ரேஷன்காரர் வந்த நேரத்தைப் பொறுத்து சர்டிஃபிகேட்.

மெஷினுக்கும் இதே கணக்கு. ஒரு மீட்டர் பால் ஸ்க்ரூ ஐந்து டிகிரி ஏறினால் 57 மைக்ரான் நீளும். இழுத்துக் கட்டிய ஸ்க்ரூ, கண்ணாடி ஸ்கேல் உள்ள மெஷின்களில் இது குறையும். ஆனால் ஸ்பிண்டில் வளர்வதை அவை தடுக்காது. காலையில் இருபது நிமிடம் ஸ்பிண்டிலையும் அச்சுகளையும் வெறுமனே ஓட்டிவிட்டு முதல் ஜாபை வையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் மெஷினை நிறுத்தினால், திரும்பி வந்து போடும் முதல் இரண்டு மூன்று ஜாபின் அளவுகளைத் தனியாகக் குறித்துப் பாருங்கள். ஆஃப்செட் ஏன் அலைகிறது என்பது அந்தத் தாளிலேயே தெரியும்.

துளை பற்றி ஒரு சின்ன விஷயம், கேட்பவர்கள் இருப்பதால். ஜாப் சூடானால் துளை சுருங்காது, பெரிதாகும். தகட்டில் ஒரு வட்டம் கீறி, தகட்டைச் சூடாக்குங்கள், வட்டமும் பெரிதாகும். உள்ளே இருக்கும் உலோகத்தை வெட்டி எடுத்தாலும் அதே கதைதான். 100 மி.மீ. பேரிங்கை 80 டிகிரி ஏற்றினால் உள்துளை 90 மைக்ரானுக்கு மேல் திறந்து ஷாஃப்டில் வழுக்கி ஏறுவதும் இதனால்தான்.

பரங்கிமலையும் டேப்பும்

நீளம் கூடக் கூட இந்தத் தொல்லை மைக்ரானிலிருந்து மி.மீ.க்கு ஏறும். 1802 கோடையில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் பக்கமாக ஏழரை மைல் அடிக்கோட்டை (மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையான கோட்டை) 100 அடி ஸ்டீல் சங்கிலியால் அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைக்கு அதுதான் தொடக்கம். சங்கிலியைத் தரையில் போடவில்லை. முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை நிறுத்தி, அவற்றுக்குள் கிடத்தி, கூடவே தெர்மாமீட்டர்களை வைத்தார்கள். அந்தச் சங்கிலி ஒரு பாரன்ஹீட் டிகிரிக்கு 0.2 மி.மீ. நீளும். கேட்க ஒன்றுமில்லை. ஏழரை மைலுக்கு அதை நானூறு முறை போட வேண்டும். சராசரிச் சூட்டை ஒரு பாரன்ஹீட் டிகிரி தவறாகக் கணித்தால் கிட்டத்தட்ட 8 செ.மீ. பிசகும். பிறகு அந்த அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில், 1830களில், இரும்பும் பித்தளையும் ஜோடி சேர்த்து ஒன்றின் விரிவை மற்றொன்று ஈடுகட்டும் பத்தடிக் கம்பிகள் வந்தன. இரண்டு உலோகமும் ஒரே வேகத்தில் சூடாக வேண்டும் என்பதுதான் அதிலும் தலைவலி.

இன்று சைட்டில் பிடிக்கும் ஸ்டீல் டேப்புக்கு வருவோம். அதன் கோடுகள் 20 டிகிரியில், குறிப்பிட்ட இழுவையில் (பெரும்பாலும் 50 நியூட்டன்) சரி. வெயிலில் 45 டிகிரிக்கு ஏறிய 30 மீட்டர் டேப் 8.6 மி.மீ. நீண்டிருக்கும். இங்கே குறி மாறிப்போவது சகஜம், ஆகவே மெதுவாக: டேப் நீண்டுவிட்டது, எனவே அதன் 30.000 கோடு உண்மையில் 30.0086 மீட்டரில் நிற்கிறது. இருக்கும் தூரத்தை அளக்கிறீர்கள் என்றால் படித்த எண்ணோடு கூட்ட வேண்டும். புதிதாகக் குறிக்கிறீர்கள் என்றால் 29.9914 கோட்டில் ஆணி அடிக்க வேண்டும்.

பெரிய ஷெட் போடும் இடத்தில் இது இப்படி வெடிக்கும். ஒர்க்‌ஷாப்பில் 30 டிகிரியில், 30 டிகிரி டேப்பால், 30 மீட்டர் ட்ரஸ் செய்கிறார்கள். இரண்டும் ஸ்டீல், இரண்டும் ஒரே சூடு, வம்பில்லை. சைட்டில் ஃபவுண்டேஷன் போல்ட் வைப்பவர் மதியம் 45 டிகிரி டேப்பால் 30.000 அளந்து கான்கிரீட்டில் பதிக்கிறார். கான்கிரீட் தடிமனானது, டேப் அளவுக்குச் சூடாகாது. இரண்டு டேப்புக்கும் நடுவே 15 டிகிரி, 5.2 மி.மீ. எம்24 போல்ட்டுக்கு 26 மி.மீ. துளை போட்டிருந்தால் விளையாட இடம் மொத்தம் 2 மி.மீ. ட்ரஸைத் தூக்கி இறக்கும் அன்று காலை கிரேன் வாடகை ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் கேஸ் கட்டரை எடுத்துத் துளையை நீளமாக்குவார். போல்ட் வைப்பவர் காலை ஏழு மணிக்கு டேப் பிடித்திருந்தால், அல்லது அந்த மதியம் டேப்பில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டி 29.995இல் குறித்திருந்தால், கட்டர் வண்டியிலேயே கிடந்திருக்கும்.